ஏழு வருடம் டாக்டரையே பார்க்காத எங்கள் பிங்கி

போன ஆடி மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை. எங்கள் நாய் பிங்கி சோற்றைத் தொட்டு அன்றோடு நான்கு நாள் ஆகியிருந்தது. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள். கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டுத் திரும்பினால் காலியாகிக் கிடக்கும். நான் நம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு வந்து அவள் நெற்றியில் திருநீறு பூசினேன். பூசாரியிடம் மஞ்சள் கயிறு மந்திரித்து வாங்கிக் கழுத்தில் கட்டினேன். "தாயே, நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனேன்.

அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இப்போதும் கோபம் வருகிறது.

என் பெயர் பேச்சியம்மாள். பிறந்தது சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகித் தாராவிக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. தோல் பை தைக்கும் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கணவர் முருகையாவுக்குக் கூரியர் கம்பெனியில் வேலை. ஒரே மகள் திவ்யா, காலேஜில் முதல் வருடம். அவள் ஆறாவது படிக்கும்போது பிங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளை பொமரேனியன் குட்டி. உள்ளங்கையில் உட்காருவாள். மூன்று வருடம் முன்பு எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். உதிரப்போக்கை இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் தள்ளிப்போட்டதன் பலன் அது. கணவரும் மகளும் வெளியே போன பிறகு, பகல் முழுக்க என் கட்டில் காலடியை விட்டு நகராமல் கிடந்தவள் பிங்கி. அவள் எனக்கு நாய் இல்லை, இன்னொரு பிள்ளை.

அந்தப் பிள்ளையை ஏழு வருடத்தில் ஒருமுறைகூட டாக்டரிடம் காட்டவில்லை. குட்டியாக இருந்தபோது ஊசி போட்டதோடு சரி.

சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. எதிர்வீட்டுக் கோமதி அக்கா சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. எனக்கு ஆபரேஷன் நடந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர். தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு பழுப்பு நாயைத் தூக்கிவந்து ஷேரு என்று பெயர் வைத்து வளர்க்கிறார். அதைத் தவறாமல் டாக்ஸியில் ஏற்றி மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். நோய் இருந்தாலும் காட்டுவார், இல்லாவிட்டாலும் காட்டுவார். "தெரு நாய்க்கு மாஸ்டர் செக்கப்பாம்" என்று நானும் என் கணவரும் சிரித்திருக்கிறோம்.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் எங்கள் கட்டடத்து லிஃப்டில் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பேச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. பிங்கிய வருசத்துக்கு ஒருக்கவாவது டாக்டர்ட்ட காட்டு. குட்டி போட விடலன்னா அதுக்குக் கர்ப்பப்பைய எடுத்திரு. வயசானா அதுலதான் வினை வரும்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எனக்கு எடுத்தது பத்தாதா? என் வீட்டு நாய்க்கும் எடுக்கணுமா? ஆஸ்பத்திரியில கூட இருந்தேன்னு குத்திக் காட்டுதியளோ?"

லிஃப்ட் நிறைய ஆட்கள். கோமதி அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. "நான் அப்படிச் சொல்லலட்டி" என்றார். நான் காதில் வாங்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம், எதிர் எதிர் கதவு, ஒரு வார்த்தை கிடையாது.

இனி, கயிறு கட்டியதற்கு மறுநாள் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் பிங்கி எழுந்திருக்கப் பார்த்தாள், பின்னங்கால் மடிந்து விழுந்தாள். வயிறு உப்பிக் கல் மாதிரி இருந்தது. என் கணவர் நான்கு நாளாகச் சொன்னதையே அப்போதும் சொன்னார். "மழைக்குச் சுணங்கிக் கிடக்கும். விடு." திவ்யாதான் அழுதுகொண்டே அவளைத் துண்டில் சுற்றித் தூக்கினாள். மூன்று பேரும் டாக்ஸி பிடித்தோம். எனக்குத் தெரிந்த ஒரே நாய் டாக்டர், நான் கேலி செய்த அந்த மாட்டுங்கா டாக்டர்தான்.

டாக்டர் ஒரு மராத்தி அம்மா. இந்தியில் பேசினார். "இவளோட ஃபைல் எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கடைசியா எந்த டாக்டர் பார்த்தார்?" குட்டியாக இருந்தபோது என்றேன். அவர் கை அப்படியே நின்றது. "சாத் சால்?" என்றார். "ஏழு வருஷமா ஒருத்தர்கூடப் பார்க்கலையா?" அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஸ்கேன் பார்த்தார்கள். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். உடனே எடுக்க வேண்டும். ரத்தத்தைச் சோதித்தால் அதிலும் வில்லங்கம். உண்ணிக் காய்ச்சல் எத்தனை மாதமாக உள்ளே இருந்ததோ, ரத்தம் சுண்டிப் போயிருந்தது. ஈறு வெள்ளைக் காகிதம் போல இருந்ததை அவர் காட்டிய பிறகுதான் நான் பார்த்தேன். தினமும் என் கையால் சோறு தின்ற வாய் அது.

"வேற நாயோட ரத்தம் ஏத்தாம மேஜையில போட்டா தாங்க மாட்டா," என்றார் டாக்டர். "வருஷா வருஷம் கொண்டுவந்திருந்தா ரெண்டையும் நான் அப்பவே பிடிச்சிருப்பேன்."

நான் கணவர் மேல் பாய்ந்தேன். அங்கேயே, எல்லார் முன்னாலும்.

"சுணங்கிக் கிடக்கும்னியளே! நாலு நாளு சொன்னியளே!"

"நீ மட்டும் என்ன செஞ்ச? கயிறு கட்டின" என்றார் அவர்.



ரத்தம் கொடுக்கும் நாய் திடமாக இருக்க வேண்டும், ஊசியெல்லாம் காலத்தில் போட்டிருக்க வேண்டும், பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் கட்டடத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு எல்லாம் திவ்யா ஃபோன் போட்டாள். ஒருவர் ஊசியே போட்டதில்லை என்றார். இன்னொருவர் பாவம், தன் லேப்ரடாரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். பார்க்க யானைக்குட்டி மாதிரி இருந்தது. சோதித்தால் அதற்கும் உண்ணிக் காய்ச்சல். அவருக்கே தெரியாது. முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் வெளியே வந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நடைபாதையில் அரசமரத்தடியில் செந்தூரம் பூசிய ஒரு தேவி கல். எந்த அம்மன் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். "கூழ் ஊத்தினேன்ல? கயிறு கட்டினேன்ல? இருபத்திரண்டு வருசம் ஒரு ஆடி வெள்ளி தவறினேனா? ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" குடைக்குள் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொண்டை கட்டும்வரை திட்டினேன். கடைசியில் குரல் போய்விட்டது. அப்போதுதான் உருப்படியாக ஒன்று கேட்டேன். "யாரையாவது அனுப்பு தாயே. யாரா இருந்தாலும் சரி."

நனைந்துகொண்டு உள்ளே போனேன். திவ்யா எழுந்து வந்தாள்.

"மம்மி, நான் கோமதி ஆன்ட்டிக்கு ஃபோன் பண்ணிட்டேன். ஷேருவைக் கூட்டிட்டு வராங்க."

யாராக இருந்தாலும் சரி என்று கேட்டு இரண்டு நிமிடம் ஆகவில்லை. என் புத்தியைப் பாருங்கள். "யாரக் கேட்டுட்டி கூப்பிட்ட?" என்று மகள் மேல் சீறினேன்.

"யாரையும் கேக்கல. நீங்க எல்லார்கூடயும் ஜக்டா பண்ணிட்டே, சண்டை போட்டுட்டே இருங்க. இங்க பிங்கி செத்துட்டு இருக்கு!"

என் மகள் என்னிடம் அப்படிக் கத்தியது அதுவே முதல் தடவை. அவள் சொன்னதில் ஒரு சொல் தவறு இல்லை.

கோமதி அக்கா வார்டு உடுப்போடு டாக்ஸியிலிருந்து இறங்கினார். ஒரு கையில் ஷேரு, ஒரு கையில் மழை படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஃபைல். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"ஒனக்காக வரல பேச்சி. அந்த வாயில்லாச் சீவனுக்காக வந்தேன்."

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். ஒவ்வொரு வருடமும் எடை, ரத்தப் பரிசோதனை, ஊசி, பூச்சி மருந்து, எல்லாம் எழுதியிருந்தது. அன்று முதல் தடவையாக அந்த அம்மா சிரித்தார். அன்றைய சோதனைகளிலும் ஷேரு தேறினான். ரத்தம் இரண்டுக்கும் ஒத்துப்போயிற்று. மேஜையில் ஏற்றியதும் அவனாகவே பக்கவாட்டில் படுத்துக்கொண்டான். வருடா வருடம் வந்து பழகிய இடம். கோமதி அக்கா தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பக்கத்து அறையில் எங்கள் பிங்கி, அந்த வாடையே தெரியாதவள், நடுங்கிக்கொண்டு கிடந்தாள். நாங்கள் கேலி செய்த தெரு நாயின் ரத்தம் ஒரு பையில் ஏறி அவள் உடம்புக்குள் இறங்கியது.

ஆபரேஷன் முடிந்து மாலை நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "பிழைச்சிட்டா. மூணு நாள் இங்கேயே இருக்கட்டும்" என்றார். எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார். அந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய வேதனையா? அதோடா நான்கு நாள் என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள்?

கோமதி அக்காவின் காலில் விழப்போனேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். "கால்லயெல்லாம் விழாத. வருசா வருசம் கொண்டாந்து காட்டு. அது போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்பதற்கு இரண்டு வருடம் முன்பே அம்மன் பதில் அனுப்பியிருக்கிறாள், அந்த அக்கா வாய் வழியாக. நான்தான் அதை லிஃப்டில் வைத்துத் திட்டி அனுப்பியிருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தத் தாய் கோபித்துக்கொள்ளவில்லை. அதே ஆளையே இரண்டாவது தடவையும் அனுப்பினாள். இதைவிடப் பெரிய அற்புதம் எனக்கு வேண்டாம்.

பிங்கி இப்போது ஓடுகிறாள், குரைக்கிறாள், லிஃப்ட் மணி அடித்தால் கதவுக்குப் பாய்கிறாள். அவளுக்கும் ஃபைல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னார்கள், காட்டுகிறேன். போன தடவை போனபோது, நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவளின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது என்றார். ஆரம்பம்தான், மாத்திரை போதும் என்றார். வீட்டில் மூன்று பேருக்கும் ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. நோய் வந்த பிறகு மட்டும் போகிறவளாக இருந்திருந்தால் இதுவும் தெரிந்திருக்காது. என் கணவர்தான் இப்போது மாத்திரை கொடுக்கிறார், ஒரு வேளை தவறுவதில்லை. கோமதி அக்கா என்னோடு பேசுகிறார். இன்னும் வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை. வருவார். அதற்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

கோபம் மட்டும் எனக்கு அடங்கவில்லை. போன வாரம் கோயிலில் ஒரு அம்மா, "எங்க நாய்க்கு அம்மன் இருக்கா, டாக்டர் எதுக்கு?" என்றார். பிரசாதத் தட்டைக் கீழே வைத்துவிட்டே சண்டை போட்டேன். அவர் நாயை நானே டாக்ஸியில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இன்னும் என்னை முறைக்கிறார். முறைக்கட்டும்.

என் அம்மனின் பிள்ளைகளே, கும்பிடுங்கள், நேர்ந்துகொள்ளுங்கள், கயிறும் கட்டுங்கள். நம்பிக் கூப்பிட்டால் அவள் வருவாள், நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருந்து, அது டாக்டரைப் பார்த்து ஒரு வருடம் தாண்டியிருந்தால், இதை முழுதும் படித்ததற்கு எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். எழுந்து அதைத் தூக்குங்கள். அம்மன் துணைக்கு வருவாள்.