காதில் நிற்காத அடைப்பான்

என் அண்ணன் யாரிடம் பேசினாலும் முகத்தைச் சற்றுத் திருப்பி இடது காதைக் காட்டுவார். பீரங்கிப் படையில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்துக்குத் திரும்பியவர். வலது காதில் ஏறக்குறைய ஒன்றும் விழாது. இடது காதில் டிராக்டர், லாரி, ஆண்களின் குரல் விழும். போன் மணியும் அண்ணியின் குரலும் விழாது.

"பொண்டாட்டி பேச்சு மட்டும் கேக்காத காது. நமக்கு யாரு குடுப்பா?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள்.

"ஒங்க பேச்சு கேக்குதே, அத நிறுத்துறதுக்கு ஒரு வழி சொல்லுங்கய்யா," என்பார் அண்ணன்.

காது கெட்டது பணியினால்தான் என்று ஒப்புக்கொண்டு அதற்குரிய ஓய்வூதியம் தரும்படி அவர் ராணுவத்துக்கு மனு கொடுத்திருந்தார். மறுத்துக் கடிதம் வந்தது. தஞ்சாவூர் நாளிதழ் ஒன்றில் நான் உதவி ஆசிரியராக இருந்தேன். அதனால் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களை எல்லோருக்கும் தமிழில் சொல்வதும் பதில் எழுதுவதும் என் வேலை. மறுப்புக்கு மூன்று காரணங்கள் சொல்லியிருந்தார்கள். வயது. ஊரில் பவர் டில்லர் ஓட்டுவது. பணியிலிருந்து விடுபட்டபோது நடந்த மருத்துவப் பரிசோதனையில், காதில் குறை எதுவும் இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்டிருப்பது.

முதல் காரணத்துக்கு அண்ணி அங்கேயே பதில் சொன்னார். "வயசு ஒரு காதுக்கு மட்டுமா ஆவும்?" பவர் டில்லரும் அப்படித்தான். ஓட்டுகிறவனின் இரண்டு காதுக்கும் அதன் சத்தம் ஒன்றுதான். அண்ணன் நின்றதோ பீரங்கிக்கு இடப்பக்கம். வருடக்கணக்கில் வலது காதுதான் குழாயைப் பார்த்திருந்தது.

மூன்றாவது காரணம் கனமானது. கையெழுத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"காது இரையுதுன்னு சொன்னா ஆஸ்பத்திரியில வெச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுவாங்க. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. இங்க தண்ணி வாய்க்காலுக்கு வந்தாச்சு. அப்பா கால் ஒடிஞ்சு கெடக்குறாரு. நாத்து ஒரு மாசம் ஆவப்போவுதுன்னு போன் வருது. முத்திப்போனா அப்புறம் என்னத்த நடறது? போட்டுட்டு ரயிலேறிட்டேன்."

பத்திரிகைப் பழக்கம், ஒருவர் சொன்னதோடு விட முடியவில்லை. சுற்றுவட்டாரத்தில் இருந்த வேறு இரண்டு முன்னாள் பீரங்கிக்காரர்களிடமும் கேட்டேன். இருவரும் அதே தாளில், அதே நடவு அவசரத்தில், அதே பொய்யைச் சொல்லிவிட்டு வந்தவர்கள். இருவருக்கும் காதுக்குப் பக்கத்தில் போய்ப் பேச வேண்டியிருந்தது.

மேல்முறையீடு செய்வதென்று முடிவானதும் அண்ணன் பீரோவிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே பச்சை ரப்பரில் இரண்டு காதடைப்பான்கள். மூடியில் கம்பெனி பெயர் தேய்ந்துபோயிருந்தது.

"இது வர்றதுக்கு முந்தி பஞ்சுதான். பஞ்சுன்னா யாரும் நம்ப மாட்டோம். கையாலயும் பொத்திக்குவோம். இத குடுத்துட்டு, இனிமே பொத்த வேணாம், கை வேலையில இருக்கட்டும்னாங்க. நம்பினோம்."

"நம்பினதுல என்ன தப்பு?"

"போட்டுப் பாரு."

போட்டுக்கொண்டேன். அண்ணன் கொட்டகையில் பவர் டில்லரைக் கிளப்பினார். சத்தம் நன்றாகவே அடங்கியது. பிறகு, பீரங்கியடியில் கத்துவதுபோல என்னை வாய் திறந்து கத்தச் சொன்னார். எண்களை உரக்கச் சொன்னேன். ஒன்பது சொல்லும்போது வலது அடைப்பான் தளர்ந்து, சத்தம் முழுசாக உள்ளே வந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். விழவில்லை, காதில்தான் இருந்தது. தண்டு குட்டையாக இருந்ததால் தாடை அசைய அசையக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஏறுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் கத்தியாக வேண்டிய மனிதர்களுக்கு இதைக் கொடுத்திருந்தார்கள். அன்று பத்து தடவை செய்து பார்த்து, ஒவ்வொன்றையும் குறித்துவைத்தேன்.

தஞ்சாவூரில் எங்கள் வக்கீல் நல்ல மனிதர். ஜெயிக்கிற வழியைத்தான் சொன்னார்.

"அந்த பிளக் விஷயத்த விட்டுடுவோம். இங்கிலீஷ் தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்லுங்க. அது எடுபடும்."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுங்க," என்றார் அண்ணன்.

"தெரியும்னு யாருக்குங்க தெரியும்?"

"எனக்குத் தெரியுமே. ஒரு தடவ பொய்க் கையெழுத்துப் போட்டுத்தான் இங்க வந்து ஒக்காந்திருக்கேன். இன்னொண்ணு போடச் சொல்றீங்களா?"

பிரமாணப் பத்திரத்தை அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நாற்று முற்றிவிடும் என்ற பயத்தில், தெரிந்தே கையெழுத்திட்டேன்" என்ற வரி வந்ததும் அதை நீக்கலாமா என்று கேட்டேன். எந்தச் செய்தியிலும் நான் முதலில் வெட்டக்கூடிய வரி அது. "அது இல்லன்னா மத்தது எதுவும் வேணாம்," என்றார். வரி நின்றது.

சென்னையில் தீர்ப்பாயம் கூடுவதற்கு முன், எதிர்த்தரப்பு வக்கீல் எங்களைத் தாழ்வாரத்தில் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள். காதடைப்பான் பற்றிய பகுதியை அண்ணன் விலக்கிக்கொண்டால், மற்றதை அனுதாபத்தின் பேரில் பரிசீலிக்கத் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார். இது கிடைப்பதே அபூர்வம் என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மூன்று முறை படித்தார்.

"அனுதாபம்னு போட்டிருக்கீங்க. நான் அனுதாபம் கேக்கலீங்களே. எதனால காது போச்சோ அத எழுதச் சொல்றேன்."

"பெரியவரே, கைக்கு வர்றத வாங்கிட்டு ஊருக்குப் போங்க."

"அப்படித்தாங்க போன தடவ போனேன்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உள்ளே விசாரணை பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. டப்பாவைச் சான்றுப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். காதடைப்பானைச் சோதனைக்கு அனுப்பும்படி உத்தரவாயிற்று. அண்ணனும் காது பரிசோதனைக்கு வந்து, முடியும்வரை மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று ஒரு தேதி சொன்னார்கள்.

ஊருக்கு வந்ததும் அண்ணி காலண்டரில் அந்தத் தேதியைத் தேடிப் பிடித்தார்.

"அந்த வாரந்தான் நமக்கு முறைத் தண்ணி. நாத்து அதுக்கு மேல தாங்காது."

அண்ணனுக்குக் கேட்கவில்லை. இடது காதருகே போய் நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

"முத்தினா முத்தட்டும்," என்றார். "அவங்க எத்தன நாள் வெச்சுப் பாக்குறாங்களோ பாக்கட்டும். இந்தத் தடவ ஓடி வர்றதா இல்ல."

அண்ணி போனை எடுத்து நடவுக்காரப் பெண்களின் தலைவியிடம் பேசினார். அண்ணன் ஊர் திரும்பிய பிறகு அவர் இல்லாமல் நடவு நடப்பது இதுதான் முதல் தடவை என்றும், பதினெட்டுப் பேர் வேண்டும் என்றும், வரப்பில் தானே நிற்கப்போவதாகவும் சொன்னார்.