வலது கரைப் படங்கள்

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் தனியாக வசித்த இளமதி, பல ஆண்டுகள் கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு நிலம் அளந்தவள். அது மூடப்பட்டதும் ஜாலான் புசாரில், இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறு அலுவலகத்தில் சேர்ந்தாள். துணைக்கோள் படங்களில் புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று குறித்துக் கொடுக்கும் வேலை. எந்த நாடு, யாருக்காக என்று சொல்லமாட்டார்கள்.

அவளுக்கு வந்ததெல்லாம் உடைந்த பாலம் ஒன்று கிடந்த ஓர் ஆற்றின் வலது கரை. முதலில் வெறும் வயல். பிறகு நீளக் கொட்டகைகள், அவற்றைச் சுற்றி மண்மேடு. பீரங்கிகளை வலையால் மூடியிருந்தார்கள். நிழலை மூட முடியவில்லை. நிழல்களை வைத்தே குறித்துவிடுவாள். ஒருநாள் பார்த்தால், பக்கத்து ஊரில் ஒரு கொடியில்கூடத் துணி காயவில்லை. ஆட்களே இல்லை.

அவள் கணினி பழுதான அன்று, அடுத்த அறையில் அதே வேலை பார்த்த ஹனீனின் மேசைக்குப் போனாள். திரையைக் குனிந்து பார்த்தாள். அதே ஆறு, அதே உடைந்த பாலம். ஆனால் இடது கரை.

"எதிர்க்கரை என்கிட்ட இருக்கு, ஹனீன்."

பழைய படங்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். வலது கரையில் ஒரு கொட்டகை எழுந்தால் அடுத்த படத்தில் இடது கரையில் இரண்டு. உடனே வலது கரையில் இன்னும் நான்கு.

"அக்கா," என்றாள் ஹனீன் மெதுவாக, "நம்ம ரிப்போர்ட்டப் பார்த்துத்தான் கட்டுறாங்களா?"

மேலாளர் சுரேந்தரிடம் கேட்டபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டு கிளையண்ட், ரெண்டு ரூம் லா. இனிமே கலக்காதீங்க."

அடுத்து வந்த படத்தில் நிழல்கள் பெருகியிருந்தன. இளமதி அவற்றில் ஒன்றைக்கூடக் குறிக்கவில்லை. தன் குறிப்புகளைப் படிக்கும் இடது கரைக்காரர்கள் பயப்படாமல் இருந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்பினாள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து தேக்கா உணவங்காடித் தொலைக்காட்சியில் அந்தப் பாலம் தெரிந்தது. முதல்முறையாகத் தரையிலிருந்து பார்த்தாள். வலது கரைப் படை படகுகளில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பே இல்லை என்றார் செய்தி வாசிப்பவர்.

எதிரே இருந்த ஹனீன் சாப்பாட்டைத் தொடவில்லை.

"போன வாரம் இடது கரையில படையில பாதிப் பேரத் திருப்பி அனுப்பிட்டாங்க, அக்கா. ஏன்னு எனக்குப் புரியல. அப்படியே குறிச்சுக் கொடுத்துட்டேன்."

குறிக்காமல் விட்ட நிழல்களை இளமதி அவளிடம் மறைத்துவிட்டாள். வேலையை விட்டபோதும் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.