எக்ஸ்ரே பட்ட மல்லாட்டை

ஐந்து சிறு துணிப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து செஞ்சிக்கு வந்து இறங்கிய ஆனி மாதக் காலை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பைகளில் இருந்தது விதை வேர்க்கடலை. செஞ்சிப் பக்கத்து வழக்கில் மல்லாட்டை. நான்கு பைகளின் விதைகள் எங்கள் ஆய்வகத்து எக்ஸ்ரே பெட்டிக்குள் வெவ்வேறு நேரம் வைத்து எடுக்கப்பட்டவை. ஐந்தாவது பை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சாதாரண விதை. கதிர் விதைக்குள் எதையாவது மாற்றிவிடும், ஆயிரக்கணக்கில் ஒன்று நல்லவிதமாக மாறினால் அதைப் பிடித்துப் பெருக்கிவிடலாம் என்பதுதான் அந்த ஆய்வின் நம்பிக்கை. எண்பதுகளில் நான் அதில் கள உதவியாளராக இருந்தேன். செஞ்சியில் வாடகை வீடு, ஊர்களுக்குப் போய்வர ஒரு சைக்கிள், வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை.

விதைக்க இடம் கொடுத்தவர் சிங்கவரத்தில் ஒரு அம்மா. நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன். கணவர் போன பிறகு கிணறும் கொல்லை நிலமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. மகன் அரிசி மில்லில் வேலைக்குப் போனான். கிணற்றை ஒட்டிய நல்ல துண்டு நிலத்தையே எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "எக்ஸ்ரே வெச்ச கொட்டைன்றீங்களே, அது எப்பிடித்தான் மொளைக்குதுன்னு பாக்கணும்" என்றார். விதைக்கிற அன்று பேச்சுவாக்கில் நான் ஒன்றைச் சொல்லிவைத்தேன். நான் முழுகாமல் இருப்பது தெரிந்த நாளிலிருந்து, மெஷினை இயக்கும் சார் என்னை அந்த அறைக்குள்ளேயே விடுவதில்லை, அவ்வளவு கவனமான மனிதர் என்று பெருமையாகச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் ஐந்தாவது பையின் வரிசை சீராக எழுந்து நின்றது. மற்ற வரிசைகளில் விட்டுவிட்டுத்தான் முளைப்பு. அதிக நேரம் கதிர் பட்ட வரிசையில் முளைத்தது பத்தில் இரண்டுதான். அவையும் விரல் உயரத்தில் குறுகி, இலை சுருண்டு, வெள்ளைக் கோடு விழுந்து நின்றன. எங்களுக்கு அது எதிர்பார்த்ததுதான். வரப்பில் போகிறவர்களுக்கு அப்படி இல்லை. மண் கெட்டுப்போய்விடும், கிணற்றுத் தண்ணீரிலும் இறங்கும் என்று பேச்சு கிளம்பியது. பெரிம்மாவின் மருமகளும் அப்போது முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். அவளைப் பெற்றவள் அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தச் செடியையெல்லாம் ஏர் ஓட்டி அழிக்காவிட்டால் மகளை இன்றே கூட்டிப்போகிறேன் என்று நின்றாள்.

மறுநாள் நான் போனபோது பெரிம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கமான விளக்கத்தைச் சொன்னேன்: கதிர் விதைக்குள் தங்காது, ஊடுருவிப் போய்விடும், செடியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது.

"அப்ப இன்னாத்துக்கு உன்ன அந்த ரூமுக்குள்ள வுட மாட்றாங்க?" என்று கேட்டார். "மெஷினாண்ட போவக்கூடாது, மெஷின்ல இருந்து வந்த கொட்டையாண்ட மட்டும் போலாமா? இன்னா கணக்கு இது?"

எனக்கு விடை தெரியும். ஆனால் அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லும்போது அது படித்ததை ஒப்பிப்பது போலிருந்தது. கேட்டு முடித்துவிட்டு அவர் எழுந்தார். "எனுக்கு அந்த மெஷின காட்டு. பாத்துட்டு வந்து ஓட்டறதா வுடறதான்னு சொல்றேன்."

அந்த வாரமே இருவரும் சென்னைக்குப் போனோம். பீரோ அளவில் ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே ஈயத் தகடு, அறைக் கதவுக்கு மேலே சிவப்பு பல்பு, அவ்வளவுதான் மெஷின். சார் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "லைட்ட அணைச்சா ரூமுல வெளிச்சம் மிச்சம் இருக்குமாம்மா? அது மாதிரிதான் இதுவும்" என்றார். என்னை வழக்கம்போல் வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். கதவு திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"வெளிச்சம் போயிடும்பா. ஆனா வெயில்ல காஞ்ச மொளகா, வெயில் போனப்புறமும் காஞ்சதுதான?"

"ரொம்பச் சரி. விதை மாறினது மாறினதுதான். ஆனா காஞ்ச மொளகாவ பக்கத்துல வெச்சா பச்சை மொளகா காஞ்சிடுமா?" என்றார் சார்.

பெரிம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, வீட்டிலிருந்து எடுத்து வந்த ஒரு கைப்பிடி மல்லாட்டையை நீட்டினார். "இத்த வையி. நான் பாக்கறேன்." சார் சிரித்துவிட்டு அதையும் உள்ளே வைத்து, அவரை வெளியே அழைத்து வந்து கதவைச் சாத்தினார். பல்பு எரிந்தது, இரைச்சல் கேட்டது, பிறகு அணைந்தது. கடலையைத் திரும்ப வாங்கிப் பழையபடி முடிந்துகொண்டார்.

திரும்பும் வழியில், பஸ் திண்டிவனம் தாண்டிய பிறகு, அந்த முடிச்சைப் பிரித்தார். ஒன்றை உடைத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். இன்னொன்றை உடைத்து உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினார். எத்தனை ஊரில், எத்தனை பேருக்கு, பயமே வேண்டாம் என்று நான் சொல்லியிருப்பேன்! அந்த இரண்டு பருப்பைப் பார்த்ததும் என் கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பெரிம்மா மீதியை முடிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் சம்பந்தியிடம் அவர் சொன்னதை மகன் எனக்குச் சொன்னான்: "போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். செடி நிக்கட்டும். உம் பொண்ணு கொல்லப் பக்கம் வர வேணாம், வூட்லயே இருக்கட்டும்." சம்பந்தி முணுமுணுத்துக்கொண்டே ஊருக்குப் போனாள். அந்தப் பருவம் முழுக்க எங்கள் துண்டு நிலத்தில் களை எடுத்ததும் மண் அணைத்ததும் பெரிம்மா ஒருவர்தான். என்னைக்கூட வரப்பிலேயே உட்காரச் சொல்வார். ஐப்பசியில் பிடுங்கினோம். அந்த விதையை மறு வருடமும் அதற்கடுத்த வருடமும் விதைத்தோம். காய்கள் அடியில் கொத்தாகப் பிடித்த ஒரு செடியை ஆவலோடு தனியாகக் குறித்து வைத்தோம். அடுத்த தலைமுறையில் அதுவும் சாதாரணமாகிவிட்டது. ரகம் எதுவும் வெளிவரவில்லை. ஆய்வை முடித்து, கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, இன்று இல்லை. இத்தனை வருடம் கழித்து அந்த வேலையை நினைத்தால், முதல் வருடத்து மார்கழியில் நடந்ததுதான் முன்னால் வந்து நிற்கிறது.

எனக்கு ஆண் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள். செஞ்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். விடிந்ததும் விடியாததுமாகப் பெரிம்மா வந்தார். என்னை நலம்கூட விசாரிக்கவில்லை. நேரே பிள்ளையிடம் போய்ச் சுற்றியிருந்த துணியை விலக்கி, கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு கால்விரல்கள். காதை மடக்கிப் பார்த்தார், வாயில் விரல் வைத்து அண்ணத்தைத் தடவினார். மறுபடியும் கைவிரலிலிருந்து ஆரம்பித்தார். எண்ணி முடித்ததும் கட்டிலுக்கு அருகே தரையில் அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

"உன்ன சோதிக்கத்தான்டி நீட்டுனேன். எப்பிடியும் வேணாம்னுடுவ, உனுக்கே பயந்தான்னு தெரிஞ்சிடும்னு நெனச்சேன். நீ பட்டுனு வாயில போட்டுக்கின. புடுங்கவும் முடியல, சொல்லவும் முடியல. அன்னியில இருந்து இந்தப் புள்ளையத்தான் நெனச்சிக்கினு கெடந்தேன்."

நானும் பயந்துகொண்டேதான் தின்றேன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அழுகை நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னை முறைத்தார்.

"அடிப்பாவி! அப்பறம் இன்னாத்துக்குத் தின்ன?"

"நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்களே, பெரிம்மா."