அரிவாளுக்கு டோக்கன் கொடுத்தவன்

எங்கள் ஊர் வாலிபால் போட்டிக்கு அடித்த நோட்டீஸில் கடைசி வரி, 'பலத்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது' என்று இருந்தது. அந்தப் பலத்த பாதுகாப்பு நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. உத்திரமேரூரில் ஓர் உரக்கடையில் வேலை. யூரியா மூட்டையை நகர்த்தச் சொன்னால் மூட்டை அங்கேயே இருக்கும், நான் நகர்ந்துவிடுவேன். அப்படி ஓர் உடம்பு. அதன் மேல் ரோஸ் நிற ரிப்பனில் பேட்ஜ் குத்தி, கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிவிட்டார்கள். வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். கோயில் காளைக்கு ஜோடித்த மாதிரி இருந்தது, காளையைத் தவிர.

என்னை அந்த வேலைக்குப் போட்டவன் விழாக்குழுத் தலைவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவனுக்கு ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது, எனக்கு வாய் இருந்தது. இரண்டும் அவரவர் அப்பா விட்டுப்போனவை. முந்தைய வருஷம் போட்டியில் கைகலப்பு ஆகியிருந்ததால், எந்த ஆயுதமும் திடலுக்குள் வரக் கூடாது என்று சொல்லித்தான் இந்த வருஷம் போலீஸில் அனுமதி கொடுத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அவன் கடைக்கே வந்தான்.

"மச்சான், ஏரிக்கரை ஆளுங்க ஃபைனலுக்கு வந்துட்டாங்க. அறுப்பு நடந்துக்கினு கீது. நெலத்துலருந்து நேரா அருவாளோட வந்து குந்துவாங்க. வாங்கி வெச்சிட்டு, ஆட்டம் முடிஞ்சதும் குடுத்துடு. நாங்க கேட்டா மொறைப்பாங்க. நீ கேட்டா சிரிச்சிக்கினே குடுத்துடுவாங்க."

என் வாயால் ஊருக்கு ஏதோ பயன் உண்டு என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. கடை அட்டைப்பெட்டி ஒன்றை முதலாளிக்குத் தெரியாமல் கத்தரித்து, ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டு, டோக்கன் செய்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு அட்டை. ஒன்று ஆளுக்கு, இன்னொன்று அரிவாளின் பிடியில் கட்டுவதற்கு.

ஏரிக்கரையில் இருபது குடிசைகள். எல்லாம் இருளர் குடும்பங்கள். நடவு, அறுப்பு, செங்கல் சூளை என்று கிடைத்த கூலிக்குப் போவார்கள். இரண்டு பனைமரத்துக்கு நடுவில் கிழிந்த மீன்வலையைக் கட்டி ஆடிப் பழகிய பிள்ளைகள்தான் அந்த வருஷம் ஐந்து ஊர்க்காரர்களைத் தோற்கடித்து வந்திருந்தார்கள். அவர்களில் பந்தை அடிக்கிறவன் ஒருத்தன் இருந்தான். இருபது வயதிருக்கும். பெரிய உயரமில்லை. ஆனால் எழும்பினான் என்றால் இறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்வான். அரையிறுதியைப் பார்க்க வந்த ஒருவர், ஒரு தொழிற்சாலை அணிக்கு ஆள் எடுப்பவர், அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டில் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்து, "ஃபைனல்லயும் இதே மாதிரி அடி. அடுத்த மாசம் வேலையில சேந்துடலாம்" என்றார். அதுவரை அந்த இருபது குடிசையில் மாதச் சம்பளம் வாங்கியவர் எவரும் கிடையாது.

எதிர் அணி எங்கள் தெரு. தலைவனின் தம்பிதான் கேப்டன்.

திடலுக்கு இரண்டு வழி. ஏரிப் பக்கம் ஒரு கயிறு கட்டி, ஸ்டூல் போட்டு, யூரியா சாக்கோடு நான். தெருப் பக்கம் மேடை இருந்தது. அது விழாக்குழுவுக்கும் விருந்தாளிகளுக்கும். இரண்டு போலீஸ்காரர்களும் அங்கேதான் நாற்காலியில் இருந்தார்கள்.

மூன்று மணிக்கெல்லாம் ஏரிக்கரை சனம் வரப்பில் வரிசையாக வந்தது. உடம்பெல்லாம் வைக்கோல் தூசு, இடுப்பில் கதிர் அரிவாள். முன்னால் வந்தவர் அந்தப் பந்தடிக்கிறவனின் அம்மா.

"இன்னா நைனா, பந்து பாக்க வந்தா அருவாளப் புடுங்கற?"

"போலீஸ் ஆர்டர்க்கா. இந்தா, நம்பர் ஒண்ணு. இந்த அட்டையத் தொலைச்சிட்டா அருவாளுக்குப் பதிலா என்னத்தான் தூக்கிக்கினு போவணும்."

"உன்ன இட்டுனு போயி இன்னா பண்றது? நீ களகூடப் புடுங்க மாட்ட."

பின்னால் வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிப்பு ஓயும் முன்பே பத்துப் பதினைந்து அரிவாள் சாக்குக்குள் போய்விட்டது.

"பத்தரமா வையி நைனா. காலைல காவாந்தண்டலத்துக்கு அறுப்புக்குப் போவணும்."

"என் உசுராட்டம் பாத்துக்கறேன்க்கா."

"உன் உசுரு கெடக்குது. அருவாளப் பாரு."

ஒரு கிழவர் மட்டும் கொடுக்காமல் நின்றார். மேடைப் பக்கம் கையை நீட்டி, "அந்தாண்ட வரவங்களயும் சோதிக்கிறாங்களா?" என்றார்.

"அங்க போலீஸே கீது பெரியவரே. எங்களத் தாண்டி ஒரு குண்டூசி உள்ள போவாது."

நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை. வரிசை நீளமாக இருந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஆட்டத்தை நான் சொல்லப் போவதில்லை. கயிற்றுப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்தது பாதி முதுகும் பாதிப் பந்தும்தான். ஆளுக்கு இரண்டு செட் எடுத்து, ஐந்தாவது செட்டில் ஏரிக்கரை மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தது. அப்போது விழாக்குழு ஆள் ஒருவன் வந்து, இரண்டு போலீஸ்காரர்களையும் டிபன் சாப்பிடத் தலைவன் வீட்டுக்கு அழைத்துப் போனான். டிபன் எனக்கும் உண்டா என்று நான் எட்டிப் பார்த்ததால்தான் அது எனக்குத் தெரியும்.

அவர்கள் தெருமுனை திரும்பியிருப்பார்கள். மேடைக்குப் பின்னாலிருந்து முகத்தில் துண்டு கட்டிய எட்டுப் பத்துப் பேர் சவுக்குக் கட்டையோடு இறங்கினார்கள். நடுவர் மேல் கை வைக்கவில்லை, கூட்டத்தை அடிக்கவில்லை. நேராக வலையடிக்குப் போய், அந்த ஒருத்தனைக் கீழே தள்ளி, அவனுடைய வலது கையை இழுத்து வைத்து அடித்தார்கள்.

நான் விசிலை ஊதினேன். அதிலிருந்து காற்றுதான் வந்தது. அதற்குள் ஏரிக்கரை ஆட்கள் டோக்கனை நீட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்கள். "அருவாளக் குடு நைனா, குடு." மைக்கில் தலைவனின் குரல், "டேய், அருவாளக் குடுக்காத" என்றது. நான் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கொடுத்திருந்தால் அன்றைக்கு இரண்டு மூன்று உயிர் போயிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் கொடுக்காமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் அடிபட்டவன் கத்தியது இப்போதும் காதில் விழுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலை ஆள் அன்று மேடையில்தான் இருந்தார். கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார். அவனை வண்டியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டில் இரண்டு எலும்பு என்றார்கள்.

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் போலீஸாகிவிட்டார்கள்.

"கரெக்டா அந்த நேரத்துல இன்னாய்யா டிபனு? நாலரை மணிக்கு எவன் வூட்ல டிபன் போடுவான்?"

"கட்டைய எல்லாம் பாத்தியா? அளந்து வெட்டின மாதிரி கீது. முந்தா நாளே மேடைக்குக் கீழ அடுக்கி வெச்சிட்டாங்களாம்."

"மூஞ்சிய மூடினவன் கால மூடலையே. அந்த ஷூவ எங்கியோ பாத்த மாதிரி கீதே."

அந்த ஷூ எங்கள் தெரு அணிக்கு வாங்கியது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை முடித்துச் சொல்லவில்லை. கடைசியில் ஒருவர் என்னைப் பார்க்காமலே, "அருவாளப் புடுங்கி வெச்ச ஆளையும் சேத்துக் கேக்கணும்" என்றார்.

நான் சண்டைக்குப் போனேன். என் சிநேகிதனைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசினால் டம்ளர் பறக்கும் என்றேன். அந்தக் கட்டைகளை மேடைக்கு அடியில் அடுக்கியபோது நான்கை நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். "இன்னாடா இது, கரும்பா? பொங்கல் முடிஞ்சிப்போச்சே" என்று ஜோக்கும் அடித்திருக்கிறேன். வலைக் கம்பம் சாய்ந்தால் முட்டுக் கொடுக்க என்று தலைவன் சொன்னான். அந்தக் கம்பங்கள் சிமெண்டு போட்டு நட்டவை. இதெல்லாம் டம்ளரைக் கையில் பிடித்து நிற்கும்போதுதான் ஒவ்வொன்றாக எனக்கு ஏறியது. டம்ளர் பறக்கவில்லை. குடித்துவிட்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் தலைவன் பைக்கில் வந்தான். "ஸ்டேஷன்ல ஒரு கையெழுத்து மச்சான். அஞ்சு நிமிஷம்."

அன்றைக்கே போலீஸ் எடுத்துப்போன என் சாக்கை ஸ்டேஷனில் மேஜையின் மேல் கொட்டி வைத்திருந்தார்கள். அத்தனை அரிவாள். ஒவ்வொன்றின் பிடியிலும் என் கையெழுத்தில் எண். உருண்டை உருண்டையாக, நானே மெச்சிக்கொண்ட எண்கள். வாக்குமூலம் எழுதியே வைத்திருந்தார்கள். ஏரிக்கரையைச் சேர்ந்தவர்கள் பயங்கர ஆயுதங்களுடன் திரண்டு வந்ததாகவும், நான் என் உயிரைத் துச்சமாக மதித்து அவற்றைக் கைப்பற்றியதாகவும், அந்த ஆத்திரத்தில் அவர்களே கலவரம் செய்ததாகவும் அதில் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட நான் கைப்பற்றியதில்லை.

"சார், நான் கைப்பத்தல. கேட்டேன், குடுத்தாங்க" என்றேன். "இது கதிர் அறுக்கற அருவா. இத வெச்சி ஒரு ஆள அறுக்கணும்னா அவரு அரை நாள் லீவு போட்டுட்டு வந்து படுத்துக்கினு கெடக்கணும்."

எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். வாசலில் நின்றவரும் சிரித்தார். நான் கட்டையைச் சொன்னேன், டிபனைச் சொன்னேன், ஷூவைச் சொன்னேன். ஆரம்பித்த சிரிப்பு நிற்கவே இல்லை. என் முகம் அப்படி, குரல் அப்படி. சாவு வீட்டில் நான் அழுதால்கூட யாராவது ஒருவர் வாயைப் பொத்திக்கொள்வார்.

தலைவன் என் தோளில் கை போட்டான். "இவன் எப்பவும் இப்டிதான் சார். சின்ன வயசுலருந்தே."

அந்தக் கையை எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். பரீட்சை நாளிலும் என் அப்பாவை எடுத்த அன்றும் அது அங்கேதான் இருந்தது. அன்று ஸ்டேஷனில் அது தோளில் இருக்கும்போதே எனக்குப் புரிந்தது. நான் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள் என்று தெரிந்தவனுக்கு, நான் சொன்னால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள் என்பதும் தெரிந்திருக்கிறது. என்னை இவ்வளவு துல்லியமாக என் அம்மாகூடப் புரிந்துகொண்டதில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு மேல் வீரம் எதுவும் செய்யவில்லை. அவன் பைக்கில் ஏறாமல், நான்கு மைல் நடந்து வந்தேன். கையெழுத்து இல்லாததால் ஏரிக்கரை மேல் கேஸ் நிற்கவில்லை. அடித்தவர்கள் மேல் கேஸே எழுதப்படவில்லை. இரண்டு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசினார்கள். அரிவாள்களை மாசிக் கடைசியில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் அறுப்பு முடிந்துவிட்டது.

சண்டை நடந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். நான் போகப் பத்து நாளாகத் தைரியம் சேர்த்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அடிபட்டவனே ஆள் அனுப்பி வரச் சொல்லியிருந்தான். மாவுக்கட்டோடு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான். என் கையில் ஓர் இன்லேண்ட் லெட்டரைக் கொடுத்தான்.

"அந்த சாருக்கு ஒண்ணு எழுதணும்ணா. ரெண்டு மாசத்துல கட்டு அவுத்துடுவாங்க, பழையபடி அடிப்பேன்னு எழுது. எங்கள்ல எழுதறவங்க யாரும் இல்ல."

உள்ளேயிருந்து அவன் அம்மா, "ஊர்ல வேற ஆளே கெடைக்கலயா உனக்கு?" என்றார். வெளியே வரவில்லை.

நான் பேனாவை எடுத்தேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. ஸ்டேஷனில் சிரித்தது போல் தாளில் யாரும் சிரிக்க முடியாது. கட்டை, டிபன், ஷூ, என் சாக்கு எல்லாவற்றையும். முதல் வரியில் 'திட்டமிட்டு' என்று எழுதி அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"அத அடிச்சிடுண்ணா" என்றான்.

"ஏன்யா, அதான நடந்துது?"

"சண்டைன்னு எழுதினா எடுக்க மாட்டாங்கண்ணா. பிரச்சனை பண்ற பையன்னு நெனைப்பாங்க. வரப்புல வழுக்கி உழுந்துட்டேன்னு எழுது."

"அவரு அன்னிக்கு மேடைலதானய்யா இருந்தாரு. கண்ணால பாத்தாரே."

"பாத்தாரு. ஆனா நாம சொல்லலன்னா, அவரும் பாக்காத மாதிரி இருந்துக்கலாம் இல்ல?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நான் அந்த வரியை அடித்தேன். 'வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டபடியால்' என்று எழுதினேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டினேன். அவன் இடது கையால் போட்டான். பாதிப் பெயரிலேயே தாள் தீர்ந்துவிட்டது. மீதியை நான் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று மடித்துக்கொண்டான்.