வெற்றிலைச் சிவப்பு

“ரத்தத்தப் பாத்தாலே மயங்கி வுழுற புள்ள, ஆஸ்பத்திரில என்னா செய்யப் போவுது? நோயாளிக்குப் பக்கத்துல இன்னொரு கட்டில் போட்டு இவளையும் படுக்க வைப்பாங்க.”

சொன்னவர் என் அத்தை. அப்பாவிடம்தான் சொன்னார், ஆனால் அடுப்படியில் இருந்த எனக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். அதில் பொய்யும் இல்லை. நான் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு மனுப் போட்ட வருடத் தீபாவளிக்கு அவர் கோழி அறுத்தபோது, காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டின் பின்வாசலில் நான் சுவரோடு சரிந்து விழுந்திருந்தேன்.

அப்பாவுக்கு நகராட்சியில் சாலை போடும் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். பயிற்சித் தாதிக்கான படிவத்தை எழுதியதும் நானே. அப்பா கட்டைவிரலை மையில் தோய்த்து ஒற்றினார். மை காய்வதற்குள் தாளை என்னிடம் நீட்டி, “வுழுந்தா எந்திரிச்சிக்க,” என்றார்.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்த மறு வருடம், என் பயிற்சியின் மூன்றாம் ஆண்டில், என்னை விபத்து அறைக்கு அனுப்பினார்கள். அதுவரை வார்டுகளில்தான் இருந்தேன். வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நோயின் பெயர் எழுதித் தொங்கும். இந்த அறைக்கு வருகிறவர்களுக்கோ இன்னும் நோயின் பெயர் கிடைத்திருக்காது. வலியோடும் ரத்தத்தோடும் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கண்ணுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர், பிள்ளைகளுக்கு ஒரு டாக்டர் என்று மாடியில் இருந்தார்கள். இந்தக் கதவுக்கென்று ஒருவரும் இல்லை. தேவைப்பட்டால், மேலே யார் கை ஓய்ந்திருக்கிறதோ அவர் இறங்கி வருவார். அது ஏன் அப்படி என்ற கேள்வி முதல் நாளே எனக்குள் நுழைந்துவிட்டது.

அறையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டிரெஸ்ஸர், காயங்களுக்குத் தையலும் கட்டும் போடுகிறவர். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்காரர்; பல தலைமுறைக்கு முன் வந்த செட்டிகளின் வழியினர். நெற்றி நிறைய விபூதி இருக்கும். ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். ஆகவே நாங்கள் இருவரும் மலாயில் பேசிக்கொள்வோம். கதவு திறந்ததும் அவர் யாரையும் என்ன நோய் என்று கேட்கமாட்டார்; நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். யாரால் காத்திருக்க முடியும் என்று பார்க்கிறேன், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றார்.

அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. வார்டில் நான் கற்றதெல்லாம் இது என்ன நோய் என்ற கேள்வியில் தொடங்கும். இங்கே கேள்வி வேறு: இந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒருவேளை அதனால்தான் அந்த அறையில் நான் ஒரு முறைகூட மயங்கவில்லை. ரத்தத்தைப் பார்க்கும்போதே எங்கிருந்து, எவ்வளவு வேகமாக என்று மனம் கேட்கத் தொடங்கிவிடும்; மயங்க நேரம் இருக்காது.

என் வேலை பதிவேடு. பெயர், வயது, முகவரி, வந்த நேரம், என்ன தொந்தரவு என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என் கையெழுத்தை எல்லோரும் பாராட்டுவார்கள். இரண்டாவது வாரம் டிரெஸ்ஸர் எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்: காத்திருக்கக்கூடியவர் பெயரருகே ஒரு சிறு வட்டம் போடலாம். அன்று வீட்டுக்குப் போனபோது என் நடையே மாறியிருந்ததாகத் தங்கை கேலி செய்தாள்.

ஒரு காலை, மரப்பட்டறைக்காரர் ஒருவர் கை கிழிந்து அலறிக்கொண்டிருந்தார். டிரெஸ்ஸர் அவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது உஜோங் பாசிர் பக்கமிருந்து பேச்சா என்ற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஒரு பெண் வந்திறங்கினாள். முப்பது வயதிருக்கும். கூட அவள் நாத்தனார்.

“வவுத்து வலி மிஸ்ஸி. காலையிலேருந்து,” என்றாள் நாத்தனார். “மாசமாசம் வர்றதுதான். இவ எப்பவும் கொஞ்சம் கூடத்தான் சொல்லுவா.”

அந்தப் பெண் சிரித்தாள். முகத்தில் பூசிய மஞ்சள் மின்னியது. வெற்றிலை போட்ட உதடு செக்கச்செவேலென்று இருந்தது. என் அம்மாவின் முகமும் அப்படித்தான் இருக்கும். எழுதினேன், வட்டம் போட்டேன், பெஞ்சின் கடைசியில் உட்காரச் சொன்னேன்.

அடுத்த இரண்டு பேரை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் தண்ணீர் கேட்டாள். பிறகு கொட்டாவி விட்டாள். மறுபடியும் கொட்டாவி. வலியில் இருக்கிறவளுக்குத் தூக்கம் எப்படி வரும் என்று நிமிர்ந்து பார்த்தேன். வெற்றிலைச் சாறு அவள் வாயோரம் வழிந்து, தாடையில் இறங்கி, சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

என் அம்மா காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய்த்தான் துப்புவார். வெற்றிலை போடுகிற எந்தப் பெண்ணும் சேலையில் சாறு வழிய உட்கார்ந்திருக்கமாட்டாள்.

ஈரத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். உதட்டைத் துடைத்தேன். சிவப்பு துணியோடு வந்துவிட்டது; அடியில் இருந்த உதடு சோற்றுக் கஞ்சியின் நிறம். கீழிமையை இழுத்தேன், அதுவும் வெள்ளை. நாடி நூல்போல ஓடியது. என்னால் எண்ண முடியவில்லை.

“டிரெஸ்ஸர், இவங்களால காத்திருக்க முடியாது,” என்று மலாயில் சொன்னேன். கத்தவில்லை. அவர் தையல் ஊசியை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

கட்டிலில் கிடத்தினோம். கால்மாட்டை உயர்த்த மரக்கட்டைகளைத் தேடினார், கிடைக்கவில்லை. அலமாரியிலிருந்த பழைய பதிவேடுகளை இழுத்துக் கட்டில் கால்களுக்கு அடியில் தள்ளினார். போதவில்லை. மேசையில் திறந்திருந்த என் பதிவேட்டையும் மூடி, நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் ஊசி ஏற்றி உப்புநீரை ஓடவிட்டார். டாக்டரை அழைத்து வர நான் மாடிக்கு ஓடினேன்.

அறுவையில்தான் தெரிந்தது: அவள் கருவுற்றிருந்தாள், அது அவளுக்கே தெரியாது. கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருந்தது. அறுவை முடிந்து அவள் கண் விழிக்கும்வரை நான் சாப்பிடவில்லை.

மறுநாள் அறுவை மருத்துவர் கீழே வந்து பதிவேட்டைக் கேட்டார். அவள் பெயரருகே வட்டம். அவள் காத்திருந்தது இருபது நிமிடம். யார் போட்டது என்றார். நான்தான் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாட்டை எந்தப் பரீட்சையிலும் பட்டதில்லை. பிறகு எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். வெற்றிலையைப் பற்றிச் சொன்னேன். ரத்தம் போகிறவர்கள் ஏன் கொட்டாவி விடுகிறார்கள் என்று கேட்டேன். சரியாகத் தெரியவில்லை என்றார். இந்த அறைக்கென்றே படித்த டாக்டர் வேறு நாட்டிலாவது உண்டா என்றும் கேட்டேன். தான் படித்த இடத்திலும் இல்லை, புதிதாக வந்தவர்களை முறைபோட்டு அனுப்புவார்கள் என்றார்.

அன்றிலிருந்து பதிவேட்டின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஈரத் துணி வைத்தேன். உதட்டைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் வட்டம். தண்ணீர் குறைந்தால் டிரெஸ்ஸரே ஊற்றி வைப்பார்.

பயிற்சி முடிகிற இந்த மாதம், எங்கே வேலை செய்ய விருப்பம் என்று படிவம் கொடுத்தார்கள். பிரசவ வார்டைக் கேள், ஊரே உன்னைத் தேடி வரும் என்கிறார் அத்தை. எனக்கும் கட்டில் போடுவதைப் பற்றி இப்போது அவர் பேசுவதில்லை. விபத்து அறை ஒரு படிப்பே இல்லை, அதற்குச் சான்றிதழும் கிடையாது என்று மேட்ரன் எச்சரித்தார். நான் விபத்து அறை என்றுதான் எழுதினேன். காரணம் எழுத ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள். போதவில்லை. தனித்தாள் ஒன்றை இணைத்து, அந்த வட்டத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் எழுதி, திங்கட்கிழமை காலை மேட்ரன் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.