சாய்ந்த தாளுக்கு முட்டுக்கொடுத்தவர்

தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். படித்தது எட்டாம் வகுப்பு; பார்ப்பது பம்ப் மெக்கானிக் வேலை. ஓடும் மோட்டாரின் மேல் திருப்புளியின் நுனியை வைத்து, பிடியில் காதை ஒட்டிக் கொஞ்ச நேரம் கேட்பார். "பேரிங் போச்சு" என்பார். போயிருக்கும். யாரோ கண் வைத்ததால்தான் மோட்டார் நின்றது என்று எவராவது சொன்னால், "கண்ணு வச்சவரை ஒரு பேரிங்கும் வாங்கி வைக்கச் சொல்லுங்க" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரமாகத் தம் வீட்டுப் பின்புறத்தில், வெங்காயப் பாத்தி முன்னால் குந்தி உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தார். தாள்கள் மஞ்சளாகித் துவண்டுகொண்டிருந்தன.

நட்டது மனைவிக்காக. அவள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாட்டில் ஒரு வீட்டில், படுக்கையிலிருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ளப் போனவள். நான்கு மாதம் முன்பு போனில் சொன்னாள்: "நாத்து வாங்கி நடுங்க. வெங்காயம் முத்தித் தாள் சாயற நேரத்துக்கு நான் வந்து நிப்பேன். ரெண்டு பேருமா பிடுங்கலாம்."

தாள் சாய்ந்தது. அவள் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மாற்று ஆள் கிடைக்கவில்லையாம். பாஸ்போர்ட் அந்த வீட்டார் பீரோவில். பிறர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, 'பத்திரமாக இருக்கட்டும்' என்று சொல்லும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு மனுஷியை அடைத்து வைக்கச் சங்கிலி எதற்கு? பீரோச் சாவி போதும்.

அவர் செய்தது இதுதான்: சாய்ந்த தாள்களை நிமிர்த்தி, குச்சி நட்டு, நூலால் கட்டினார். காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். பின்வாசலில் அவள் விட்டுப்போன செருப்பு நனையாதபடி பார்த்து ஊற்றினார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்ன டாக்டரே, வெங்காயத்துக்குக் கால் முறிஞ்சு போச்சா, கட்டுப் போட்டிருக்கீங்க?"

"உங்க வேலையைப் பாருங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் போன் வந்தது. முதியவர் தூங்கும் அரைமணி நேரம் அவளுடையது.

"தாளெல்லாம் மஞ்சளாகுது" என்றார்.

"ஒண்ணைப் பிடுங்குங்க. வேர்ல புழு இருக்கா?"

"இல்ல. வேர் வெள்ளையாத்தான் இருக்கு."

"கழுத்தை அமுக்குங்க."

கட்டைவிரல் உள்ளே இறங்கியது. "மெத்துன்னு இருக்கு."

"நெடுக்கா வெட்டுங்க." கத்தி இறங்கும் சத்தத்தை அவள் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன தெரியுது?"

"கழுத்துலேர்ந்து உள்ள பழுப்பா இறங்கியிருக்கு. நாத்தம் வேற."

"கடைசியா எப்பத் தண்ணி விட்டீங்க?"

அவர் வெட்டிய பாதிகள் இரண்டையும் சேர்த்துப் பொருத்தினார்.

"உங்களைத்தான்."

"காலைல."

"எந்தக் காலைல?"

"இன்னைக்கு."

"தாள் சாஞ்சா தண்ணிய நிறுத்தணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல." அவர் கத்தியைத் துடைத்தார். "சாஞ்சிடுச்சுன்னு ஒத்துக்கிட்டா, நீ வர்ற நாள் தாண்டிடுச்சுன்னு ஆயிடும். பச்சையா நின்னா இன்னும் நேரம் இருக்குன்னு நெனச்சேன்."



"உங்களுக்குப் போய் டாக்டர்னு பேர் வச்சாங்க பாருங்க" என்றாள். "எல்லாத்தையும் இன்னைக்கே பிடுங்கிடுங்க. எனக்காக வைக்காதீங்க. கழுத்து கெட்டியா இருக்கறதைத் தனியாப் பிரிச்சு நிழல்ல, காத்தாடப் பரப்புங்க. தாளை இப்ப அறுக்காதீங்க. நல்லாக் காஞ்சா ஆறு மாசம் தாங்கும்."

"ஆறு மாசமா?"

"வெங்காயத்தைச் சொன்னேங்க."

எங்கோ மணி அடித்தது. முதியவர் விழித்துவிட்டார். போன் நின்றது.

அவர் நூலை அறுத்தார், குச்சிகளைப் பிடுங்கினார். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தை அமுக்கிப் பார்த்தார். பாதிக்குமேல் பிழைத்திருந்தன. கம்பிக் கட்டிலைப் பின்வாசல் கூரைக்குக் கீழே இழுத்துப் போட்டு, அவள் படுக்கும் பக்கத்திலிருந்து பரப்பத் தொடங்கினார். கட்டில் நிறைந்தது. வெறும் பாத்தியைப் பார்க்க முடியாமல் உள்ளே போய், ஒப்பந்த நகலைத் தேடி எடுத்தார்.

மறுநாள் காலை, அவளை அனுப்பிவைத்த ஏஜென்சி அலுவலகத்தில் போய் நின்றார். மேசைக்காரர் காகிதத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாத்துக்கும் நேரம் வரணுங்க. கொஞ்சம் பொறுங்க."

"நேரம் வந்து மூணு வாரம் ஆச்சு. அவ பாஸ்போர்ட்டை எப்ப வாங்கித் தருவீங்கன்னு எழுதிக் குடுங்க. இல்லைன்னா அதை நான் தொழிலாளர் அலுவலகத்துல கேட்டுக்கறேன்."

மேசைக்காரர் மூக்கைச் சுளித்தார். "என்னங்க இது, வெங்காய வாடை?"

"என் கைதான். வீட்டுல விளைஞ்சது. நேத்து பிடுங்கினேன், தனியா." நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "எழுதுங்க. நான் இருக்கேன்."