அடுகோடி ஃபீடரில் ஆள் இல்லை

முனிகிருஷ்ணனை எங்கள் கேங்கில் ஒருவனுக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அவர் பேச்சு வந்தால் போதும், ஆளாளுக்குத் தங்கமான மனுஷன் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பயலும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சீட்டு முனி. வைத்தவன் நான்தான்.

அவர் ஹோசூர் ரோடு பக்கத்து சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டர். நான் லைன்மேன். இரண்டு பேரும் பெங்களூர் மர்பி டவுன்காரர்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி அவர் வீடு. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் லைன்மேன் அவரிடம் போய் 'லைன் கிளியர்' சீட்டு வாங்க வேண்டும். அவர் லைனை நிறுத்தி, அதன் ஸ்விட்ச் ஹேண்டிலில் சிவப்பு அட்டையை மாட்டி, சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதே ஆள் கீழே இறங்கி அதே சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்வரை, கவர்னரே வந்து நின்றாலும் அந்த லைனில் கரண்ட் விடக்கூடாது. சீட்டு இல்லையென்றால் லைனில் ஆள் இல்லை என்று அர்த்தம். சட்டம் அவ்வளவுதான்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் சீட்டு வாங்க இரண்டு மைல் சைக்கிள் மிதிக்க வேண்டும், திருப்பிக் கொடுக்க மறுபடி இரண்டு மைல். அதிலும் முனிகிருஷ்ணன் கம்பத்தின் நம்பர், ஏறுகிறவன் பெயர், தவறிக் கரண்ட் வந்தால் மண்ணில் இறக்கிவிடும் எர்த் சங்கிலியை எடுத்துக்கொண்டாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவதற்குள் நமக்குத் தாடி முளைத்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மைசூர் ராஜ்யத்தில் கரண்ட் என்றால் தண்ணீர்தான். மலைநாட்டில் மழை பெய்தால் பெங்களூரில் விளக்கு எரியும், மழை பொய்த்தால் அரிக்கேன் விளக்கு. டெல்லியில் திட்டத்துக்கு மேல் திட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷராவதியில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. 'ஷராவதி வந்துட்டா கவலையே இல்லை' என்பதைத் தவிர அதிகாரிகளிடம் வேறு பதில் கிடையாது. அது வரும்வரை இருக்கிற கரண்டைப் பேட்டை பேட்டையாகப் பங்கு போட்டார்கள். அடுகோடிப் பக்கம் கரண்ட் கொண்டுபோகும் லைனான அடுகோடி ஃபீடருக்கு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கட்.

இந்தக் கட் நேரம்தான் எங்களைக் கெடுத்தது. இரண்டு மணிக்கு லைன் தானாகச் செத்துவிடுகிறது, நாலு மணிவரை எழுந்திருக்காது. அப்புறம் சீட்டு எதற்கு? கட் ஆரம்பித்ததும் நேரே கம்பத்துக்குப் போய் ஏறிவிடுவோம். சீட்டு கிடையாது, எர்த் சங்கிலி கிடையாது. கட் நேரம் எங்களுடைய சொந்த நேரம் என்று ஒரு நினைப்பு. எல்லா லைன்மேனும் செய்தார்கள். நான் மற்றவர்களைவிட அதிகமாகச் செய்தேன். அதற்காக எனக்கு இரண்டு மெமோ வந்திருந்தது. இரண்டாவது மெமோ முனிகிருஷ்ணன் எழுதிப் போட்ட ரிப்போர்ட்டால் வந்தது. மூன்றாவது வந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவோம் என்று அதிலேயே எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவரைக் கண்டால் எனக்கு ஆகாது.

அந்த மார்ச் மாதம் அவருடைய பெயர் பர்மனென்ட் லிஸ்டில் போயிருந்தது. ஒன்பது வருஷம் டெம்பரரியாக இருந்த மனுஷன். மூன்று பெண் குழந்தைகள். அவர் சம்சாரம் லட்சுமம்மா, ஆர்டர் வருவதற்கு முன்பே, எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கப்போகுது, வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்குமாம் என்று குழாயடியில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஒரு புதன்கிழமை. அடுகோடி தாண்டி ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் வாசலில், கம்பத்தின் மேல் ஜாயின்ட் பொரிந்து நெருப்புக் கக்குகிறது என்று கம்ப்ளெயின்ட். இரண்டு அடித்ததும் பெல்ட்டையும் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். சப்-ஸ்டேஷன் கேட்டைத் தாண்டும்போது முனிகிருஷ்ணன் ஜன்னலிலிருந்து கத்தினார்.

"டேய் நோயல்! சீட்டு வாங்கிக்கினு போடா!"

நான் பெல் அடித்தேன். "கட் டைம்ல கரண்ட் எங்கேர்ந்துண்ணா வரும்? ஷராவதிலேர்ந்தா?"

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த சந்திரம்மா சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே போனேன்.

சப்-ஸ்டேஷனில் அடுத்து நடந்ததையெல்லாம் சந்திரம்மாதான் பிறகு எனக்குச் சொன்னாள். இரண்டு நாற்பதுக்கு டெலிபோன் அடித்தது. பேசியவர் எங்கள் இன்ஜினியர் சுந்தரராமன். மாநிலங்கள் மின்சாரத்தை எப்படிப் பங்கிடுகின்றன என்று பார்ப்பதற்காக டெல்லியிலிருந்து ஒரு கமிட்டி வந்திருந்தது. அவர்களுடைய கார்கள் மூன்று மணிக்கு ஹோசூர் ரோட்டில் வரும். அந்த நேரத்தில் அடுகோடி ஒர்க்‌ஷாப்புகள் இருட்டிக் கிடக்கக்கூடாது, மெஷின் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பஞ்சத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு வடை பாயசத்தோடு இலை போட்ட மாதிரி.

"அடுகோடி ஃபீடரைப் போட்டுடுய்யா, முனிகிருஷ்ணா."

"சார், நாலு மணிக்குத்தானே..."

"இப்பவே போடு. லைன் கிளியர் யாராவது வாங்கியிருக்காளா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? போடு."

முனிகிருஷ்ணன் ஹேண்டிலில் கை வைத்தார். சட்டப்படி அவர் போட்டிருக்கலாம். சீட்டு இல்லை, ஆகவே ஆள் இல்லை. நான் செத்திருந்தால் ஒரு நாய்கூட அவரைக் கேள்வி கேட்டிருக்காது. உத்தரவு கையில், லாக் புக்கில் நேரம், பத்து நாளில் பர்மனென்ட். ஆனால் நான் பெல் அடித்துக்கொண்டு போனதை அவர் பார்த்திருக்கிறாரே. ஆள் ஏறியிருக்கிறான் சார் என்று டெலிபோனில் சொல்லியிருக்கலாம். யார் என்று கேட்டிருப்பார்கள், பெயரைச் சொல்ல வேண்டும், எனக்கு மூன்றாவது மெமோ வரும்.

"சார், ஹேண்டில் சிக்கிக்கினு இருக்குது. ஸ்வல்ப டைம் குடுங்க" என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார். ஆபரேட்டர் போர்டை விட்டு நகரக்கூடாது. வேறு ஆளும் இல்லை. "சந்திரம்மா, அந்த நோயல் பய எந்தக் கம்பத்துல இருக்கான்னு தெரியாது. அடுகோடி லைனைப் புடிச்சுக்கினே ஓடும்மா. அவன எறக்கு. எறக்கிட்டு எங்கனா போன் இருந்தா எனக்குச் சொல்லு. பேகா ஹோகு!" சீக்கிரம் போ என்பதற்குக்கூட அவசரத்தில் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

சந்திரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே மார்ச் மாத வெயிலில் ஓடியிருக்கிறாள்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு மறுபடி டெலிபோன். "என்னய்யா ஆச்சு?" "பாத்துக்கினு இருக்கேன் சார்." மூன்று ஐந்துக்கு மூன்றாவது தடவை. கார்கள் போய்விட்டன. ஒர்க்‌ஷாப் எல்லாம் பிணம் மாதிரிக் கிடந்ததாம். சுந்தரராமன் குரல் மாறிவிட்டது. "நானே ஜீப்ல வரேன். வந்து நானே போடறேன்."

ஜீப் வரக் கால் மணி நேரம். அவர் வந்து ஹேண்டிலில் கை வைத்தால் முனிகிருஷ்ணன் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்குள் நான் இறங்க வேண்டும்.

நான் கம்பத்தின் உச்சியில் பெல்ட்டில் சாய்ந்துகொண்டு, எரிந்துபோன ஜாயின்டை வெறுங்கையால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். பதினோராயிரம் வோல்ட் ஓடுகிற கம்பி. ஏதோ சினிமாப் பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம். கெண்டைக்காலில் சுரீரென்று ஒரு கல் வந்து பட்டது. குனிந்து பார்த்தால் சந்திரம்மா. கத்துவதற்கு மூச்சில்லாமல், முந்தானை ரோட்டில் புரள, அடுத்த கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?"

அவள் இரண்டு கையையும் கீழே கீழே என்று ஆட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கம்பியிலிருந்து கையை எடுத்தேன். எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. தொடையெல்லாம் சிராய்ப்பு. சந்திரம்மா ஒர்க்‌ஷாப்புக்குள் ஓடி மேஸ்திரியிடம் கெஞ்சி டெலிபோனைப் பிடித்தாள்.

சுந்தரராமன் சப்-ஸ்டேஷனுக்குள் நுழைவதும் அந்த டெலிபோன் அடிப்பதும் ஒன்றாக நடந்தன. முனிகிருஷ்ணன் எடுத்துக் கேட்டார், வைத்தார், திரும்பி ஹேண்டிலைத் தள்ளினார். ஹேண்டில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போய் உட்கார்ந்தது.

"சிக்கிண்டிருக்குன்னு சொன்னியே?" என்றார் சுந்தரராமன்.

எனக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் அண்ணாந்து அந்தக் கம்பியைப் பார்த்தேன், அங்கேயே வாந்தி எடுத்தேன்.

டெல்லிக்காரர்கள் முன்னால் மானம் போய்விட்டது, உத்தரவை வேண்டுமென்றே மீறினான், அதற்குப் பொய்யும் சொன்னான் என்று முனிகிருஷ்ணன் மேல் விசாரணை வைத்தார்கள். அன்று லைனில் வேலை பார்த்திருக்கக்கூடிய எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பெருக்குகிறவளை யார் கூப்பிடுவார்கள்? சந்திரம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் முனிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பாயில் உட்கார்ந்து கடைசிப் பெண்ணுக்குச் சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எனக்காக ஏண்ணா பொய் சொன்ன?"

"உனக்காகன்னு யாரு சொன்னா? உன் மேல எனக்கு இன்னா ஆசை? வேலை போவட்டும்னு உட்டிருப்பேன்." சிலேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கை என்னுதுடா. அந்த ஹேண்டில்ல இருந்தது என் கை. அத்தோட நான் சோறு துன்னணும்ல?"

கதவோரம் நின்றிருந்த லட்சுமம்மாவிடம் திரும்பினேன். "நாளைக்கு நான் சொல்லிடறேன்க்கா. கம்பத்து மேல இருந்தது நான்தான்னு சொல்லிடறேன். மாதா மேல சத்தியம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். காபி கொடுத்தாள். முனிகிருஷ்ணன் சிலேட்டைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதினார்.

நான் பொய்ச் சத்தியம் பண்ணவில்லை. அன்று ராத்திரி முழுக்க, காலையில் சைக்கிளில் போகும்போதும்கூட, சொல்வதாகத்தான் இருந்தேன். மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். என் ஃபைல் அவர்கள் முன்னால் திறந்து கிடந்தது. இரண்டு மெமோவும் மேலேயே இருந்தன.

"புதன்கிழமை மூணு மணிக்கு நீ அடுகோடி லைன்ல ஏறினியா?" என்று சுந்தரராமன் கேட்டார்.

முனிகிருஷ்ணன் சுவரோரம் நின்றிருந்தார். விசாரணை ஆரம்பித்ததிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றேன்.

"அப்ப அந்த ஃபீடர்ல யாரும் இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல சார்."

சுந்தரராமன் கெட்டவர் இல்லை. அவர் முனிகிருஷ்ணன் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்லப்போகிறாயா என்று இரண்டு தடவை கேட்டார். ஒன்றும் இல்லை சார் என்றார் அவர்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். தலை என்னுடையது, போன தலைப்பாகை அவருடையது. பர்மனென்ட் லிஸ்டிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டு, ஷராவதியிலிருந்து பெங்களூருக்குக் கரண்ட் கொண்டுவரும் டவர் லைன் வேலைக்குக் கூலி ஆளாக அனுப்பினார்கள். காட்டில் கூடாரம், குழி தோண்டுகிற வேலை. முப்பத்தெட்டு வயதில் அதற்கும் போனார்.

விசாரணை முடிந்த அன்று நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் லட்சுமம்மா. அவள் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவரு வந்து சொன்னாரு தம்பி. நீ அத்தினி பேரு முன்னால தெகிரியமா உண்மையச் சொன்னியாம். அந்தப் பாவிங்கதான் நம்பலியாமே?"

"ஆமாக்கா" என்றேன். "நம்பல."